இருநூற்றுப் பன்னிரண்டாவது குறை

பீஷானில் மாறி ஏறி
மேரிமவுண்டில் தொடங்கினால்
பொட்டானிக் தோட்டத்துக்கு முன்
முதல் உலகம் முடிந்துவிடும்.
இது பாராட்டா புகாரா என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

உள்ளங்கை அகலத் திரையில் ஓர் அழுங்கு.
தட்டினால் தாவும்.
அழுத்திப் பிடித்தால் சுருண்டு பந்தாகும்.
பந்தானபின் அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை,
சரிவு சொல்வதைத்தான் கேட்கும்.
மூன்று முறை முள்ளில் இறக்கிவிட்டது.
நான்காவது முறை
கட்டைவிரல் தானே கற்றுக்கொண்டது,
என்னிடம் சொல்லாமல்.
அதற்கு ஒன்பது.

கேமராவுக்கு நான்கு.
அழுங்கு முன்னே ஓடுகிறது,
படம் மூச்சிரைத்துப் பின்னால் வருகிறது,
தாவியபின்தான் தெரிகிறது
தரை இல்லை என்பது.
"அதுதானே விறுவிறுப்பு" என்றான் ஜுன் ஹாவ்.
கண்ணைக் கட்டிக்கொண்டு
விரைவுச்சாலையைக் கடப்பதும் விறுவிறுப்புதான், ஜுன் ஹாவ்.
அதற்கு யாரும் ஐம்பது வெள்ளி கொடுப்பதில்லை.

சம்பளத்துக்கு விழுகிறேன்.
எல்லாப் பள்ளத்திலும், எல்லாக் கோணத்திலும்,
சுவரோடு ஒட்டி, சில நாள் சுவருக்குள்ளேயே நுழைந்து
விழுந்து
விழுந்த இடத்தை எழுதிவைக்கிறேன்.
கதவு திறக்கும்போதெல்லாம்
இடைவெளியை நினைவில் கொள்ளுங்கள் என்கிறது ரயில்.
கொள்கிறேன்.
இருநூற்றுப் பதினோரு இடைவெளிகள்
வரிசை எண்ணோடு.

வியாழக்கிழமை, கால்டிகாட் தாண்டி,
சமிக்ஞைக் கோளாறு.
சுரங்கத்துக்குள் ரயில் நின்றது.
மணிக்கட்டு கடுத்தது. கருவியை மடியில் வைத்தேன்,
நிறுத்தும் பொத்தானைத் தொடாமல்.
பக்கத்தில் சீருடைப் பையன் ஒருவன்
வெகுநேரமாக எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.
"செத்துப்போச்சுன்னு நெனச்சேன்க்கா,
தண்ணி குடிக்குது."

பந்து அவிழ்ந்திருந்தது.
மூக்கை நீட்டி, செதில் தளர்ந்து,
கால்வாய் ஓரம் குனிந்து
குடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கால்வாயை நான்
அறுநூறு தடவையாவது தாண்டியிருப்பேன்.
அதில் தண்ணீர் உண்டு என்பதும்
தண்ணீரில் ஒரு புளோக்கின் விளக்குகள் நெளிவதும்
ஐந்தாம் மாடியில் யாரோ
மூங்கில் கழியில் சட்டை காயப்போட்டிருப்பதும்
மூன்று பொத்தானில் ஒன்று இல்லாத சட்டை,
அன்றுதான் தெரியும்.

அப்போது ரம்பச் சக்கரம் வந்தது.
குனிந்த முதுகின் ஊடே புகுந்து
அந்தப் பக்கம் போய்விட்டது.
ஒரு கீறல் இல்லை.
பையன் சிரித்தான்.

குறைதான். சந்தேகமே வேண்டாம்.
நின்றால் சாவில்லை என்று தெரிந்துவிட்டால்
எவன் ஓடுவான்?
எழுதிக் கொடுத்தால் ஜுன் ஹாவ் திருத்தமாட்டான்,
வெட்டிவிடுவான்.
வெளியீட்டுக்குப் பதினோரு நாள்,
கோப்பு ஏற்கெனவே பருத்துக் கிடக்கிறது.
வரைந்தது யார் என்று மட்டும் விசாரித்தேன்.
சுரயாவாம். போன வருடமே விலகிவிட்டாளாம்.
ஜொகூர் என்றார் ஒருவர், பினாங்கு என்றார் இன்னொருவர்.

இரவு, ஈசூன்.
ஆறிப்போன மீ கோரெங்கை ஒதுக்கிவிட்டு
படிவத்தைத் திறந்தேன்.
212.
இடம்: மூன்றாம் உலகம், கால்வாய்.
நிகழ்ந்தது: தண்ணீர் குடிக்கிறது.
நிகழ்ந்திருக்க வேண்டியது:
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
கீழே கோப்பிக்கடையில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம்.
தண்ணீர் குடிக்கிறது, என்று அடித்தேன்.

இரண்டு கட்டமும் ஒத்துப்போனால்
அது குறையாகாது.
எங்கள் விதிமுறையிலேயே இருக்கிறது, பக்கம் ஆறு.
அழித்தேன்.

பட்டியல் இப்போது
இருநூற்றுப் பதினொன்றிலிருந்து
இருநூற்றுப் பதின்மூன்றுக்குத் தாவுகிறது.

மொத்தம் ஏழு.
கேமராவைச் சரிசெய்தால் எட்டு.